மூன்று பூனைகளும் மூன்று முகங்களும்

அறிவுடையான்பட்டிக்கு அந்தப் பெயரை வைத்தவன் கட்டாயம் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். உள்ளூர்க்காரனுக்கு அவ்வளவு துணிச்சல் வராது.

அந்த ஊரில் பரஞ்சோதி என்றொரு சுவர் ஓவியர் இருந்தார். ஓவியர் என்று சொன்னது அவர்தான். போன வருஷம் அவர் வரைந்த மயிலைப் பார்த்துவிட்டு, கிணற்று மோட்டார் நன்றாக வந்திருக்கிறது என்று ஊரே பாராட்டியது. அதிலிருந்து யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "இன்னொரு சுவரைக் கெடுத்தீங்கன்னா, எங்கப்பா மில்லுல மூட்டை தூக்கத்தான் போகணும்" என்று மனைவி கோமளம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் பால்வாடிச் சுவரில் கார்ட்டூன் பூனை வரையும் வேலை வந்தது. மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள். செண்பகவல்லி டீச்சர் தமிழில் எம்.ஏ. படித்தவர். கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

பரஞ்சோதி தன் உதவியாளர்கள் ஏகாம்பரத்தையும் தாண்டவனையும் உட்காரவைத்துச் சீட்டைப் படித்தார்.

"மூன்று பூனைகள். முகத்தில் பாவம் தெரிய வேண்டும்."

"பூனை என்னண்ணே பாவம் பண்ணும்?" என்றான் தாண்டவன்.

"எலியைக் கொல்லுதே, அதைவிடப் பாவம் இருக்கா?" என்றார் பரஞ்சோதி. மூன்று பூனைகளின் வாயிலும் எலிவால் தொங்கியது. தன் ஞானத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

"முதல் பூனை கோபம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வேண்டும்."

ஏகாம்பரம் கடைக்கு ஓடிக் கால்படி எள்ளும் அரைப்படி கொள்ளும் வாங்கி வந்தான். பால்வாடி அடுப்பில் வறுத்து, படபடவென்று வெடிக்கும்போதே அள்ளி, பசை தடவிய பூனை முகத்தில் அப்பினார்கள். வாசனை பிடித்து ஊர்க்கோழிகள் வந்தன. பூனை முகத்தைக் கோழி கொத்தித் தின்றதை உலகம் அன்றுதான் பார்த்தது.

"இரண்டாவது பூனை திகைப்பு. முகத்தில் ஈயாடக் கூடாது."

"நல்லவேளை, முன்கூட்டியே சொன்னாங்க" என்று பரஞ்சோதி துண்டை உருவினார். பசை மணத்துக்கு ஈ வராமல் இருக்குமா? ஒவ்வொரு ஈக்கும் ஓர் அடி விழுந்தது. ஐம்பதாவது ஈ பறந்தபோது, பூனையின் முகம் முழுக்கத் துண்டில் இருந்தது.

"மூன்றாவது பூனை வெட்கம். முகத்தில் அசடு வழிய வேண்டும்."

மூவரும் யோசித்தார்கள். அசடு எந்தக் கடையில் கிடைக்கும்?

"அண்ணே, எங்க அத்தை என்னைத்தான் அசடுன்னு கூப்பிடும்" என்றான் தாண்டவன் கூச்சத்தோடு.

பரஞ்சோதி அவனைக் கட்டிக்கொண்டார். "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சோமேடா!"

தாண்டவனைச் சுவர்மேல் ஏற்றி, தலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, பூனை முகத்தின் மேல் வழியவிட்டார்கள். நன்றாகத்தான் வழிந்தான். கீழே வந்து சேர்ந்தபோது, பூனையின் கண்ணும் மூக்கும் மீசையும் அவன் சட்டையில் இருந்தன.

சாயங்காலம் டீச்சர் வந்தார். சுவரைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். தாண்டவன் வயிற்றில் இருந்த பூனையைப் பார்த்தார்.

"இனிமே யாரும் என் மூஞ்சியில முழிக்காதீங்க!" என்று கத்திவிட்டு உள்ளே போய், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பரஞ்சோதிக்குக் கோபம் வந்தது. பாடுபட்டவனுக்கு இதுதானா மரியாதை? ஆனாலும் சொன்ன சொல்லைத் தட்டக் கூடாது. "முழிக்கக் கூடாதாம். மூடுங்கடா கண்ணை!"

மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி, சுவரைத் தடவித் தடவி வீட்டுக்குக் கிளம்பினார்கள். பால்வாடியை ஏழு சுற்றுச் சுற்றியபின் பரஞ்சோதியின் கைக்கு ஒரு வாசற்படி தட்டுப்பட்டது.

"வீடு வந்துடுச்சு" என்று உள்ளே நுழைந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கோமளம், சோறு போடு!"

"யோவ்! இங்கே என்னய்யா பண்றீங்க?" என்று அலறினார் டீச்சர்.

குரலைக் கேட்டதும் பரஞ்சோதியின் மனம் இளகிவிட்டது. மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"பரவாயில்லை டீச்சர். வீடு தேடி வந்து மன்னிப்புக் கேக்கறீங்க, இனிமே எங்களுக்கு என்ன கோபம்? கோமளம், டீச்சருக்கும் ஒரு இலை போடு!"