பாறையை விட்டு இறங்காத நீர்க்காகம்

"டேய் கருவாயா! இறங்குடா தண்ணியில!"

முக்குளிப்பான் வாத்தியார் போட்ட சத்தத்தில் நாணல் குளமே அதிர்ந்தது. இளம் நீர்க்காகம் கருவாயன் அசையவில்லை. பாறை உச்சியில் ரெண்டு இறக்கையையும் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முங்குவதற்கான வகுப்போ கீழே தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது.

வாத்தியாருக்கு ஒன்றுமே புரியவில்லை. காலையில் முதல் முங்கில் இவனை அடிக்க ஆளில்லை. ரெண்டாவதில் தடுமாறினான். மூன்றாவதுக்குக் கூப்பிட்டால் பாறையில் ஏறிவிட்டான். தினமும் இதே கூத்து! திமிரா? சோம்பலா? இறக்கையை விரித்துக் காட்டி நம்மைக் கிண்டல் செய்கிறானா?

கோடை வேறு வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வற்றினால் மீனெல்லாம் ஆழ மடுவுக்குள் போய்விடும். ஆழம் முங்கத் தெரியாத நீர்க்காகம் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்.

வாத்தியார் மிரட்டினார். "வராதவனுக்குப் பரீட்சை கிடையாது!"

ஆசை காட்டினார். "கெளுத்தி மீன் தரேன், வாடா ராசா!"

பாறையிலிருந்து ஏதோ பதில் வந்தது. காற்றடித்ததில் அது காதில் விழவில்லை.

"என்ன முணுமுணுக்கிறான் பாரு!"

அதே வகுப்பில் படிக்கும் நாமக்கோழி வெள்ளச்சிக்குப் பொறுக்கவில்லை. "சார், இங்கேயிருந்து கத்தினா ஆகுமா? பாறையில ஏறி அவன் பக்கத்துல உட்காருங்க. என்னடா ஆச்சுன்னு கேளுங்க. அவ்வளவுதான்!"

"நானா? ஏறவா?"

முக்குளிப்பானுக்குத் தண்ணீரில்தான் ராஜநடை. கால் ரெண்டும் வாலோடு ஒட்டி இருப்பதால், தரையில் நடந்தால் குப்புற விழும். இருந்தாலும் நீந்திப் போனார். பாறையில் ஒரு காலை வைத்தார். வழுக்கியது. பின்னால் தாராக் குஞ்சுகள் களுக்கென்று சிரித்தன.

சட்டென்று திரும்பிவிட்டார். "வேணும்னா அவனே வரட்டும்! நான் வாத்தியாரா, அவன் வாத்தியாரா?"

மேலேயிருந்து கருவாயன் எல்லாவற்றையும் பார்த்தான். பாதி காய்ந்த இறக்கையோடு பறந்து போய்விட்டான்.

மறுநாள் பாறை காலி. அதற்கடுத்த நாளும் காலி.

"வேற குளத்துல சேர்ந்துட்டானா?" என்று கேட்டார் வாத்தியார்.

"இல்ல சார்," என்றாள் வெள்ளச்சி. "படிப்பே வேணாம்னுட்டான். நான் தேடிப் போய்க் கேட்டேன். நம்ம இறகுல தண்ணி வழிஞ்சு ஓடிடுது. அவன் இறகுல ஊறிக் கல்லா கனக்குதாம். காய வெச்சாத்தான் அடுத்த முங்கு. 'காய்ஞ்சதும் வரேன் சார்'னு தினமும் உங்ககிட்ட சொன்னானாம்!"

"காய வைக்கணுமா? இறகையா?"

வாத்தியார் ஒரு முங்கு முங்கி எழுந்தார். திரும்பித் தன் முதுகைப் பார்த்தார். ஒரு சொட்டுகூட ஒட்டவில்லை. அப்புறம் பாறையைப் பார்த்தார். ஏறிப் போய்க் கேளுங்கள் என்று வெள்ளச்சி சொன்னாளே, ஏறவில்லையே!

விலகிப் போய் உட்கார்ந்தவனைத் திரும்பக் கொண்டுவர நினைக்கிற வாத்தியார், விழுந்து எழுந்தாவது அவன் இருக்கிற இடத்துக்குப் போய்க் கேட்க வேண்டும்.