கடைசி வரிசையில் நின்றவன்

கிட்ட வந்து உட்காருங்க. காற்று அடிக்குது, என் குரல் அவ்வளவு தூரம் வராது.

துருக்கி சுல்தானுக்கும் பாரசீக ஷாவுக்கும் எல்லையில் பெரிய சண்டை. அது முடிந்த மறுநாள்.

“ஷைகு, இவன் யாரோட ஆளு?” என்று கேட்டான் சீடன் இல்யாஸ்.

ஓடைக்கரையில் கிடந்த சிப்பாய். இவர்கள்தான் தாங்கள் தங்கியிருந்த தைக்கா மடத்துக்குத் தூக்கி வந்தார்கள். தாடை உடைந்து பேச்சில்லை. சட்டையும் இல்லை, தொப்பியும் இல்லை.

“காயம்பட்ட ஆளு,” என்றார் ஷைகு யாகூப்.

“என் அண்ணனை ஷாவோட குதிரைப்படை நேத்து வெட்டிப்போட்டுது. அதுல ஒருத்தனுக்கா கஞ்சி ஊட்டுறேன்னு எனக்குத் தெரியணும்.”

“கஞ்சி ஆறுது. ஊட்டு.”

சாயங்காலத்து அஸர் தொழுகை நேரத்துக்கு சுல்தானின் தளபதி பைராம் ஆகா ஆட்களோடு வந்து இறங்கினார். தப்பியோடிய ஷாவின் ஆட்களைத் தேடித் தேடித் தலையை வெட்டிக்கொண்டிருந்தார்.

“இவன் யாரு?”

“பேச முடியாதவன்.”

“பேச வேண்டாம். தொழட்டும்.”

சுல்தானின் ஆட்கள் கையைக் கட்டித் தொழுவார்கள். ஷாவின் ஆட்கள் தொங்கவிட்டுத் தொழுவார்கள். காய்ச்சலில் கிடக்கிறவன் யோசித்தா மாற்றப்போகிறான்? கை பழகின மாதிரிதான் போகும்.

இல்யாஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“நல்லது. நேரமும் ஆச்சு, எல்லாருமே தொழுவோம்,” என்றார் ஷைகு. “விருந்தாளி நீங்க இருக்கும்போது நான் முன்னே நிற்கிறது மரியாதையில்ல. நீங்களே தொழ வையுங்க, ஆகா.”

ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க முடியுமா? தளபதி இமாமாக முன்னே போய் நின்றார்.

ஷைகு சிப்பாய்களை அவருக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார். காயம்பட்டவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய், எல்லோருக்கும் பின்னால் சுவரோரம் நிறுத்தினார்.

தளபதிக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஷைகு, அங்கே நின்னா அவன் எனக்குத் தெரியமாட்டானே.”

“தொழுகையில யாரைப் பார்க்கிறதா இருக்கீங்க, ஆகா?”

சிப்பாய் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். தளபதி முன்பக்கம் திரும்பினார்.

இல்யாஸ் மெல்ல நகர்ந்து, காயம்பட்டவனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். கண்ணைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், அவன் கை கட்டியிருக்கா, தொங்குதா என்று தெரிந்துவிடும்.

ஷைகு வந்து அவன் கையைப் பிடித்தார். இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் நிறுத்தி, தானும் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.