தண்ணிக்குள்ள போன எண்பது முழத் துறை

ஒரு ஊர்ல, ஒரு காயல் ஓரமா, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வீடு இருந்துச்சாம். ஒண்ணுல பாய் முடையிற அங்கம்மா, இன்னொண்ணுல தென்னந்தோப்பு வச்சிருந்த தில்லைவனம். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஓடம், ஏழே முழம்.

அங்கம்மாவுக்கு ஓடம் கட்ட ஒரு மரத்துறை போடணும்னு ஆசை. உடனே போட்டாளா? இல்லையே! ஒரு வருசம் தண்ணியவே பார்த்துக்கிட்டு இருந்தா. சித்திரையில எங்க வத்துது, ஐப்பசியில எதுவரை ஏறுதுன்னு கரைத் தென்னையில ரெண்டு கயிறு கட்டி வச்சா. அப்புறம் ஓடத்துக்கு ஏழு முழம், பாயை இறக்கி ஆள் நிக்க மூணு முழம்னு, பத்து முழ நீளத்துக்கு, மேல கட்டின கயித்தையும் தாண்டி ஒரு சாண் உசரத்துல பலகை அடிச்சா. தண்ணி வத்தினா இறங்குறதுக்குப் படியும் வச்சா.

போற வர ஓடமெல்லாம் அங்க ஒதுங்க, "அங்கம்மா துறை"ன்னு பேரே வந்துருச்சு. அதைக் கேட்டதுலருந்து தில்லைவனத்துக்குக் கஞ்சி இறங்கலை. பொண்டாட்டி மீன் கொழம்பு வச்சா, "அவ வீட்டுக் கொழம்புதான் மணக்குது"ன்னு தட்டைத் தள்ளுவான்.

அந்த நேரம் பார்த்து ராஜா தண்டோரா போட்டாரு. "ஐப்பசியில காயல் பார்க்க வரேன். எந்தத் துறையில சிரமமில்லாம இறங்குறேனோ, அந்த வீட்டுக்குத்தான் ஓடம் விடுற உரிமை!"

தில்லைவனம் விடுவானா? கரையோரத் தென்னையை வெட்டி இருபது முழத்துல துறை போட்டான். அப்போ சித்திரை, தண்ணி கணுக்காலுக்கு வத்திக் கிடக்கு. பலகையைத் தண்ணிக்குப் பக்கத்துலயே அடிச்சான். அங்க நின்ன கொக்கு கேட்டுச்சு:

"தில்லைவனம், உன் ஓடம் எத்தனை முழம்?"

"அங்கம்மா துறை எத்தனை முழம்னு கேளு! பத்து! என்னுது இருபது!"

அங்கம்மா வந்து பார்த்து, "நல்லாருக்குண்ணே"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டா. அவ்வளவுதான், பொறாமைப்படவே இல்லை! இவனுக்கு இன்னும் எரிஞ்சுது. மிச்சத் தோப்பையும் வெட்டி நாப்பது முழம் ஆக்கினான்.

"தில்லைவனம், உன் ஓடம் எத்தனை முழம்?"

"அங்கம்மா துறையைப் போல நாலு மடங்கு, போ!"

"அண்ணே, உசரம் பத்தாதே"ன்னா அங்கம்மா.

"உன்னை மாதிரி பரணா கட்டச் சொல்றே? வயித்தெரிச்சல்ல பேசாதே!" யாரு யாரைச் சொல்றான் பாருங்க!

மரம் தீர்ந்துச்சு. கூரை உத்தரத்தைப் பிரிச்சான், எண்பது முழம் ஆச்சு. "ஏங்க, தலைக்கு மேல வானம்தாங்க இருக்கு"ன்னு பொண்டாட்டி அழுதா. "ராஜா மாடியே கட்டித் தருவார்டி!"

"தில்லைவனம், உன் ஓடம் எத்தனை முழம்?"

கல்லைத் தூக்கிக் கொக்கை விரட்டினான்.

ஐப்பசி வந்துச்சு. மழை கொட்டுச்சு, காயல் ஏறுச்சு, ஏறுச்சு, ஏறிக்கிட்டே இருந்துச்சு. ராஜா வந்தப்போ தில்லைவனம் இடுப்பளவு தண்ணியில மாலையோட நிக்கிறான்.

"எங்கேடா உன் துறை?"

"என் காலுக்குக் கீழே இருக்கு மகாராஜா!"

சொல்லி முடிக்கல, முழுகிக் கிடந்த தூண்ல ராஜா ஓடம் மடார்னு இடிச்சு, ராஜா தொபுக்கடீர்! அங்கம்மாதான் கயிறு வீசி, தன் துறையில ஏத்தினா. துறை மேல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

ராஜா கிரீடத்துப் பாசியைத் தட்டிக்கிட்டே சொன்னாரு: "உரிமை இந்தம்மாவுக்கு. அடேய், அத்தனை தூணையும் நீயே பிடுங்கு. முடிச்சுட்டு இவங்க ஓடத்துக்குத் துடுப்புப் போடு."

மழையில நனைஞ்சு நனைஞ்சு தில்லைவனம் பிடுங்கினான். தனக்குப் பத்து முழத் துறை போட மட்டும் மரத்தை ஒதுக்கிட்டு, மிச்சத்தைக் கூரைக்குப் போட்டான். கடைசித் தூண்ல கொக்கு வந்து உக்காந்துச்சு.

"தில்லைவனம், உன் ஓடம் எத்தனை முழம்?"

தில்லைவனம் மெதுவாச் சொன்னான்: "ஏழு."

அவங்க ஓடம் அவங்க துறையில, நம்ம கதை நம்ம கரையில. கயித்தைக் கட்டுங்க கண்ணுங்களா, இறங்கலாம்.