தித்துவின் ஒற்றைக் கோப்பை

கேட்க மனமுள்ளவர்கள் பக்கத்தில் வாருங்கள், இல்லாதவர்கள் தூங்கப் போகலாம். மேகங்கள் மனிதர்களுக்குக் கீழே மிதக்கும் ஆண்டிஸ் மலையில், வெகு காலத்துக்கு முன்னே, தித்து என்றொரு தலைவன் இருந்தான். அவன் ஊர் ஒரு பெரும்பள்ளத்தின் இந்தக் கரையில். எதிர்க்கரை ஊருக்கு சிசா என்பவள் தலைவி. நடுவே, கிடுகிடு ஆழத்தில், ஆறு ஓடியது.

இரண்டு கரையையும் சேர்த்தது ஒரு புல் கயிற்றுப் பாலம். புல் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை இற்றுவிடும். மழைக்கு முன்னே இந்தக் கரையார் பாதியும் அந்தக் கரையார் பாதியும் புதிதாகப் பின்னி நடுவில் முடிச்சுப் போடுவார்கள். தித்துவின் மேட்டு நிலத்தில் கிழங்கு மட்டும்தான் விளையும். மக்காச்சோளமும் உப்பும் அக்கரையிலிருந்து லாமா என்ற சுமை விலங்கின் முதுகில் வரவேண்டும். பாலம் இல்லையென்றால் மழைக்காலம் முழுக்க அரைப்பட்டினி.

அந்த மலை மக்களுக்கு உலகத்தில் எதுவும் ஒற்றையாக இல்லை. சூரியனுக்குச் சந்திரன் உண்டு, மேட்டுக்குப் பள்ளம் உண்டு, இருப்பவர்களுக்குச் செத்தவர்கள் உண்டு. அவர்கள் கைவேலையும் அப்படித்தான். நெசவுக்காரி போர்வையை இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைப்பாள். கோப்பை செதுக்குகிறவன் ஒரே மரத்துண்டில் இரண்டு கோப்பை எடுப்பான். ஒன்றில் செதுக்கத் தொடங்கும் வானவில் மற்றதில் போய் முடியும். ஒன்று ஊற்றுகிறவருக்கு, இன்னொன்று கூடக் குடிக்கிறவருக்கு. விருந்தாளி எதிரே நிற்க, தனியாகக் குடிப்பது அவர் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

நாலு பேர் புகழ்ந்ததில் தித்துவுக்குத் தலைக்கனம் ஏறியது. பவுக்கார் என்ற செதுக்குவேலைக்காரனைக் கூப்பிட்டான்.

"எனக்கு நிகரானவர் யாரும் இல்லை. ஆகவே ஒரே ஒரு கோப்பை செய்."

"இன்னொன்று யாருக்கு, தலைவரே?"

"யாருக்கும் இல்லை."

மரத்தை அறுக்கும் முன் பவுக்கார் மறுபடி வந்து கேட்டான். அதே பதில். வானவில்லைச் செதுக்கி விளிம்புவரை கொண்டுவந்தபின் மூன்றாம் முறையும் வந்தான்.

"இதை எங்கே இறக்குவது, தலைவரே? என் கைக்கு வேறு விதமாக முடிக்கத் தெரியாது."

"அப்படியே விடு. மிச்ச மரத்தை அடுப்பில் போடு. இன்னொரு முறை கேட்டால் உளி பிடிக்க உனக்குக் கை இருக்காது."

பவுக்கார் பயந்துபோனான், யார்தான் பயப்பட மாட்டார்கள். சொன்னபடியே செய்தான்.

பாலம் பின்னும் காலம் வந்தது. வழக்கப்படி சிசாவும் அவள் ஆட்களும் பழைய பாலத்தில் நடந்து விருந்துக்கு வந்தார்கள். தித்து புதுக் கோப்பையில் சோளக் கள்ளை ஊற்றினான். குடிக்கும் முன் எல்லோரும் செய்வதுபோல் பூமித்தாய்க்கு ஒரு சொட்டு சிந்த மறந்தான். சிசா நீட்டிய கையைப் பார்க்காதவன்போல முழுவதையும் தானே குடித்தான். அவளுக்கு யாரோ ஒரு மண்சட்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

சிசா சட்டியைத் தரையில் வைத்தாள். "உங்கள் வானவில் எங்கள் கரைக்கு வரவில்லையே" என்றாள். "பாலத்தையும் நீங்களே பின்னிக்கொள்ளுங்கள்."

வந்தவர்கள் எழுந்து போனார்கள். தித்து சிரித்தான். தன் ஆட்களை விட்டுப் பழையதை அறுத்துப் புதியதைப் பின்ன வைத்தான். ஆனால் அக்கரையில் கயிற்றை வாங்கிக் கட்ட ஒருவரும் இல்லை. பாதிப் பாலம் பள்ளத்தில் தொங்கியது. உப்பு முதலில் தீர்ந்தது, பிறகு சோளம் தீர்ந்தது, பிறகு தித்துவின் சிரிப்பும் தீர்ந்தது. மலை உச்சியில் மழைமேகம் கூடிக்கொண்டிருந்தது.

தித்து பவுக்காரிடம் ஓடினான். "இதற்கு ஒரு இணை செய்."

"ஒரே மரத்தில் பிறந்தால்தான் இணை, தலைவரே. அந்த மரம் சாம்பலாகிவிட்டது."

தித்து வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அவன் மனைவி குசி காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றை எடுத்து, சரிபாதியாக அறுத்து, இரண்டையும் அவன்முன் வைத்தாள்.

"ஒரே கொடி, ஒரே காய். இதைச் சிசாவிடம் கொண்டு போங்கள்."

"சுரைக்குடுக்கையிலா? லாமா மேய்க்கிறவன் மாதிரியா?"

"மேய்க்கிறவன் பிள்ளையும் நம் பிள்ளையும் இன்றைக்கு ஒரே பசியோடுதான் படுத்திருக்கிறார்கள்" என்றாள் குசி.

தித்துவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பள்ளத்தில் இறங்கினான், இடுப்பளவு ஆற்றைக் கடந்தான், எதிர்மலையில் முழங்கால் தேய ஏறினான். சிசாவின் வாசலில் நின்று, வீட்டில் மிஞ்சியிருந்து கொண்டுவந்த கடைசிக் கள்ளை ஊற்றினான். முதலில் பூமித்தாய்க்கு, அடுத்து சிசாவுக்கு, கடைசியில் தனக்கு.

சிசா உடனே குடிக்கவில்லை. இரண்டு குடுக்கைகளின் விளிம்பையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அறுத்தது யார்?"

"என் மனைவி."

"நினைத்தேன்" என்றாள் சிசா. பிறகு குடித்தாள். தித்துவும் குடித்தான்.

மறுநாள் காலை அக்கரையில் ஊரே புல் பின்ன உட்கார்ந்தது. முதல் தூறல் விழுந்தபோது இரண்டு பாதியும் நடுப்பள்ளத்தின்மேல் சந்தித்தன. கடைசி முடிச்சுக்கு ஒரு முனையைத் தித்து பிடித்தான், மறுமுனையைச் சிசா இழுத்துக் கட்டினாள். அன்று மாலையே சோள மூட்டைகளோடு லாமாக்கள் இக்கரைக்கு வந்து சேர்ந்தன.

ஆகவே கேட்டவர்களே, தனக்கு நிகராக இன்னொருவரை ஏற்காதவனுடைய பெருமை அவனுக்கே சோறு போடாது.