மூணு அத்தை நலங்கு வச்ச மூஞ்சி

யாழி, கண்ணை மூடிக்கிட்டே கேளு. நடுநடுவுல "ம்" சொல்லணும். சொல்லலைன்னா உன் அத்தை நான், கதையை விட்டுட்டுத் தூங்கிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு மூஞ்சி இருந்துச்சாம். மூஞ்சி மட்டும் இல்லடி, அதுக்குப் பின்னால ஒரு பொண்ணும் இருந்தா. பேரு சந்தனமாரி. பத்து நாள்ல அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செண்பகராஜ்னா அவளுக்கு உசுரு. ஆனா மூஞ்சி மங்கலா இருக்கேன்னு ஒரே கவலை.

அப்போ பார்லர் ஜெசிந்தாக்கா ஒரு குட்டி பாட்டில் குடுத்தாங்க. "இது ஆசிட் சீரம். மேல செத்த தோலு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டிருக்குல்ல, அந்தப் பசையைக் கரைச்சு விடும். வாரத்துக்கு ஒரு தடவை, ரெண்டே சொட்டு. வெயில்ல தலைகாட்டாதே."

வீட்டுக்கு வந்தா, மூணு அத்தைங்க! அத்தைங்கன்னாலே பொல்லாதவங்க. என்னைத் தவிர. பெரிய அத்தை பாட்டிலைப் புடுங்கிக்கிட்டா. "மருமவளுக்கு நலங்கு வைக்கிறது என் முறை." தடவினா. சுர்ர்! மறுநாள் காலையில, தொப்! பழைய மூஞ்சி தலகாணில கெடக்கு. "நான் செத்து ரொம்ப நாளாச்சு, எடுத்துப் போடுங்க"ன்னு அதுவே சொல்லுச்சு. உள்ள புது மூஞ்சி பளபளன்னு இருக்கு. ம் சொன்னியா?

அதோட விட்டிருந்தா கதையே இல்ல. நடு அத்தைக்குப் பொறுக்கல. "அவ வைப்பா, நான் வைக்கக் கூடாதா? நான் என்ன தவிட்டுக்கு வாங்கினவளா?" பெரியவ பாட்டில்ல ஆசிட் அஞ்சு சதவீதம்னு போட்டிருந்துச்சு, இவ பத்து வாங்கியாந்தா. சுர்ர்ர்! தொப்! அந்த மூஞ்சி ஓன்னு அழுதுச்சு. "ஐயோ, நான் உசுரோட இருக்கேன், எனக்கு இன்னும் வேளை வரல!" யாரு கேட்டா?

அப்புறம் சின்ன அத்தை. அவ பாட்டில்ல முப்பது. நம்பர் பெருசா இருந்தா மரியாதையும் பெருசுன்னு நெனப்பு. சுர்ர்ர்ர்ர்! தொப்!

உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? செக்கச்செவேல்னு ஒரு பச்சைப்புள்ள மூஞ்சி. காத்து பட்டா "குவா". தண்ணி பட்டா "குவா". செண்பகராஜ் ஆசையா "மாரி"ன்னு கூப்பிட்டான், அவன் மூச்சுக்காத்து பட்டதும் "குவா"! பாவம் சந்தனமாரி! இந்த மூஞ்சியோட ஹோமப் புகையில எப்படி உக்கார்றது? கல்யாணமே நின்னுருமோ?

ஜெசிந்தாக்கா வந்து தலையில அடிச்சுக்கிட்டாங்க. "காவல் காக்குற தோலையும் சேர்த்து உரிச்சுட்டீங்களே! இனி ஒரு மாசத்துக்கு வெறும் ஈரப்பசை கிரீம்தான். வேற எதையும் பூசக் கூடாது."

அப்போ சந்தனமாரியே எந்திரிச்சுச் சொன்னா: "கல்யாணத்தைத் தள்ளி வைங்க. என் மூஞ்சி வளரணும்."

செண்பகராஜ் சரின்னுட்டான். ஒரு மாசம் பத்தடி தள்ளி நின்னு, மூச்சை அடக்கிக்கிட்டுக் குடை பிடிச்சான். அத்தைங்க பாடுதான் திண்டாட்டம். பூச எதுவும் இல்லையே! கடைசியில, யாரு ரொம்ப சும்மா இருக்காங்கன்னு மூணு பேரும் போட்டி வச்சுக்கிட்டாங்க. ம் சொல்லு.

மாசம் ஓடுச்சு. மூஞ்சி வளந்து, அழுகையை விட்டு, கல்யாணத்தன்னைக்கு மணையிலதான் முதல் வார்த்தை பேசுச்சு: "நலங்கு வைக்கணும்னா காலுக்கு வைங்களேன். குதிகால்தான் கெட்டித் தோலு!"

உடனே பெரிய அத்தை வலது காலைப் புடிச்சா. நடு அத்தை இடது காலைப் புடிச்சா. சின்ன அத்தைக்குப் புடிக்கக் கால் இல்ல! சுத்துமுத்தும் பார்த்தா. பக்கத்துல சம்மணம் போட்டிருந்தான் செண்பகராஜ். முப்பதுன்னு போட்ட அந்தப் பாட்டில் மூடியைத் திருகினா பாரு, மாப்பிள்ளை மாலையோட எந்திரிச்சு ஓட்டம், தடதடதட! சந்தனமாரி விடுவாளா? தாலியை எடுத்துக்கிட்டுக் கொளுத்துற வெயில்ல துரத்துனா. பஸ் ஸ்டாண்டுல மடக்கி, அங்கயே கட்ட வச்சா. மூஞ்சி வாயைத் திறந்துச்சு. எல்லாரும் பயந்து காதைப் பொத்துனாங்க. அது சிரிச்சுதுடி!

அவங்க வீடு போய்ச் சேரட்டும். நீயும் தூங்கிப் போ.