வாய் திறக்காத சிலந்தி

அல்லிக் குளத்தில் விரால் குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைந்துவந்தன. ஒரு காலையில், கரையோரமாக ஒரு சிலந்தி, விரால் குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடுவதைத் தாய் விரால் பார்த்துவிட்டது.

"பழுப்பு உடம்பு! கூடவே உருண்டையாக ஒரு முட்டைப்பை!" என்று அது அலறியது.

குளத்தில் அப்படி இரண்டு சிலந்திகள் இருந்தன. ஒன்று மீன்பிடிச் சிலந்தி. மற்றது ஓநாய்ச் சிலந்தி. நிறமும் அளவும் ஒன்றுதான். தலைவர் தவளை கூட்டத்தைக் கூட்டியது.

"இதற்கு விசாரணை வேறா? பெயரிலேயே மீன்பிடி இருக்கிறது. துரத்துங்கள் அவளை!" என்று ஓநாய்ச் சிலந்தி முந்திக்கொண்டு கத்தியது.

"ஏய், குஞ்சைத் தின்றது நீதானே?" என்று மீன்பிடிச் சிலந்தியிடம் கேட்டது தவளை.

மீன்பிடிச் சிலந்தி பதில் சொல்லவில்லை. முட்டைப்பையை வாயால் இன்னும் இறுக்கிக்கொண்டது.

"திமிரைப் பாருங்கள்! தப்பு செய்யாதவளுக்கு வாயைத் திறக்க என்ன கேடு?" என்றது ஓநாய்ச் சிலந்தி.

"உச்சிவேளைக்குள் குளத்தைவிட்டுப் போய்விடு!" என்றது தவளை.

தண்ணீரில்லாத இடத்தில் முட்டை பொரித்தால் சிலந்திக் குஞ்சுகள் பிழைக்காது. மீன்பிடிச் சிலந்தி முட்டைப்பையை மெல்ல அல்லி இலைமேல் இறக்கி வைத்தது.

"பன்னிரண்டு நாளாக இதை வாயில் சுமக்கிறேன். ஒரு கொசுகூடத் தின்னவில்லை. வாய் நிறைய முட்டையை வைத்துக்கொண்டு மீனை எதனால் கவ்வுவேன்? அவளைப் பாருங்கள்! முட்டைப்பை முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. வாய் சும்மாதானே இருக்கிறது? இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடக் கண் இல்லையா?"

தாய் விரால் திடுக்கிட்டது. "ஆமாம்! நான் பார்த்தபோதும் முட்டைப்பை பின்னால்தான் ஆடியது!"

"பிடியுங்கள் அவளை!" என்று கத்தியபடி தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் குதித்தன. அலை அடித்தது. இலை கவிழ்ந்தது. முட்டைப்பை தண்ணீரில் விழுந்து மூழ்கியது. தாய் விரால் அடிச்சேறுவரை போய்த் தேடியது. கிடைக்கவில்லை. ஓநாய்ச் சிலந்தியோ அதற்குள் கோரைப் புல்லுக்குள் ஓடி மறைந்துவிட்டது.

தவளை தொண்டையைச் செருமிக்கொண்டது. "இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே, அம்மா!"

"நீங்கள் முதலிலேயே பார்த்துத் தொலைத்திருக்கலாமே, ஐயா!" என்றது மீன்பிடிச் சிலந்தி.

பேச முடியாதவரின் மௌனத்தைக் குற்றத்துக்குச் சாட்சியாக்குகிறவரால், பிறகு எவ்வளவு அவசரமாக நீதி செய்தாலும், செய்த அநியாயத்தைத் திருப்பி எடுக்க முடியாது.