காத்து பட்டவன்

இஞ்ஞாசிக்கு வயது நாற்பத்தேழு. அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்த அமலிக்கு முப்பத்து மூன்று. அவன் அவளை டீச்சர் என்பான், அவள் அவனை அண்ணாச்சி என்பாள். கேலியாகத்தான் அது ஆரம்பித்தது. எட்டு மாதத்தில் கேலி தேய்ந்து, கூப்பிடுகிற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அந்தக் கடற்கரை ஊர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் இரும்பு அறை இருந்தது. படுக்கப் போட்ட பெரிய பீப்பாய் மாதிரி இருக்கும். கதவை மூடி உள்ளே காற்றை ஏற்றினால், இருப்பவனுடைய உடம்பு கடலுக்கடியில் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி, இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ஆழத்திலிருந்து அவசரமாக ஏறி முடங்கிப்போன சங்கு குளிக்கிறவர்களை அதற்குள் வைத்து மறுபடி இறக்குவார்கள். அப்புறம் ஆக்சிஜன் கொடுத்து, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். வெளியே முள் நடுங்கும் அழுத்தமானிகளுக்கு முன்னால் அமலி இருப்பாள். உள்ளே நோயாளிக்குத் துணையாக இஞ்ஞாசி இருப்பான்.

இஞ்ஞாசி இருபத்திரண்டு வருஷம் சங்கு குளித்தவன். அவனுக்கு ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. அதனால் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டான்.

"காத்துதான டீச்சர். நாம மூச்சு விடுற காத்து. அது எப்படி ஒருத்தன் கால எடுக்கும்?"

அமலி ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை அவன் கையில் கொடுத்து உள்ளே உட்கார வைத்தாள்.

"ஆழம் போனதும் மூடியத் திறந்து, திரும்ப இறுக்கி மூடுங்க. மேல வரும்போது மடியில வெச்சுக்குங்க."

ஏறும்போது பாட்டில் அவன் மடியில் முறுக்கிக்கொண்டது. புடைத்தது. கல்லாக இறுகியது. எப்போது வெடிக்குமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தான். சங்கு குளித்த சூரன், ஒரு பாட்டிலுக்குப் பயந்து வியர்த்திருந்தான்.

"இது உங்க மடியில இருந்துச்சு, அண்ணாச்சி," என்றாள் அமலி. "முதுகுத்தண்டுக்குள்ள இப்படி ஒரு குமிழி இருந்தா?"

அவன் அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. படகிலிருந்து யாராவது போன் செய்தால் என்ன விசாரிக்க வேண்டும் என்பதையும் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். எத்தனை பாகம், எத்தனை தடவை இறங்கினான், எவ்வளவு வேகமாக ஏறினான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. அமலி டாக்டரோடு வார்டுக்குப் போயிருந்தாள். இஞ்ஞாசி இரும்பு அறையின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் தம்பி வியாகுலம் போகிற படகின் சொந்தக்காரர், சம்மாட்டி, போனில் கூப்பிட்டார்.

"இஞ்ஞாசி, ஒந் தம்பிக்குக் காத்து பட்டிருக்குடே. கரைக்கு வந்துட்டோம். முதுகு வலிக்குதுங்கான். காலு ரெண்டும் துவண்டு கிடக்கு."

"எங்க வெச்சுப் பட்டுச்சு?"

"வத்தை உடைஞ்ச பாரு பக்கத்துல."

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு அது. போன மாசியில் அதன்மேல் வத்தை என்கிற சின்னப் படகு ஒன்று மோதி இரண்டு பேர் செத்திருந்தார்கள். ஒருவன் உடல் கிடைக்கவே இல்லை. இஞ்ஞாசிக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஊரில் காத்து பட்டிருக்கு என்றால் செத்தவன் ஆவி தொட்டுவிட்டது என்று அர்த்தம். பால்குடி மறந்த நாளிலிருந்து அப்படியே கேட்டு வளர்ந்தவன் அவன். எட்டு மாதம் காற்றைப் பற்றியே படித்தவன், கையில் துடைக்கிற துணியோடு, அந்த அறைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு என்ன சொன்னான் என்பதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

"மேட்டுத் தெருக்காரர்ட்ட கூட்டிட்டுப் போயி மந்திரிங்க, மொதலாளி. சரியாயிரும். நான் மத்தியானம் வந்து பாக்கேன்."

எத்தனை பாகம் என்று அவன் கேட்கவில்லை.

மேட்டுத் தெருக்காரர் திருநீறு போட்டார், எலுமிச்சம்பழம் அறுத்தார், கறுப்புக் கயிறு கட்டினார். மூன்று மணிக்கு வியாகுலத்தை ஒரு ஆட்டோவின் பின் சீட்டில் மடக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே கிள்ளினால் தெரியவில்லை. காலையிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. வாசலில் தம்பியைப் பார்த்ததுமே இஞ்ஞாசிக்கு விளங்கிவிட்டது. எந்தக் காத்து என்று விளங்கிவிட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு உடனே உள்ளே ஏற்றச் சொன்னார். அமலி படகுக்காரர்களிடம் விசாரித்தாள்.

"எத்தனை பாகம்?"

"பன்னெண்டு."

"எத்தனை தடவ?"

"மூணு. கடைசித் தடவ, எட்டு மணிக்கு, படகுல இருந்த கம்ப்ரசர் நின்னு போச்சு. குழாயில காத்து வரல. ஒரே மூச்சுல ஏறிட்டான்."

"காலைல எட்டு மணிக்கு ஆனதுக்கு இப்பக் கொண்டு வாரீங்க. ஏன் இவ்வளவு நேரம்?"

அவர்கள் இஞ்ஞாசியைப் பார்த்தார்கள். இஞ்ஞாசி தரையைப் பார்த்தான்.

"வழியில லேட்டாயிருச்சு டீச்சர்," என்றான்.

அமலி இருவரையும் இரும்பு அறைக்குள் ஏற்றினாள். கதவை மூடினாள்.

காற்று இரைந்துகொண்டு ஏறியது. உள்ளே வெக்கை அடித்தது. எச்சிலை விழுங்கி விழுங்கிக் காதைத் திறந்துகொண்டு அண்ணனும் தம்பியும் பத்துப் பாகம் இறங்கினார்கள். அங்கே பேசினால் குரல் மூக்கால் வருகிற மாதிரி மெலிந்து கேட்கும். இஞ்ஞாசி தம்பியின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினான். இருபது நிமிஷம் அது முகத்தில் இருக்க வேண்டும், அப்புறம் ஐந்து நிமிஷம் சாதாரணக் காற்று, மறுபடி முகமூடி. அந்த ஐந்து நிமிஷத்தில்தான் நோயாளி பேசலாம், தண்ணீர் குடிக்கலாம்.

முதல் சுற்றிலேயே முதுகுவலி விட்டது. இரண்டாவது சுற்றில் வலது காலின் பெருவிரல் அசைந்தது. இஞ்ஞாசி அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதான். இடது கால் அப்படியே கிடந்தது. மூன்றாவது சுற்றிலும் அப்படியே. டாக்டர் வெளியிலிருந்து கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, அதே ஆழத்தில் இன்னும் ஒரு சுற்று வைக்கச் சொல்லிப் போனார். போகும்போது அவர் உதட்டைப் பிதுக்கியதை இஞ்ஞாசி பார்த்துவிட்டான்.

நாலாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான். உள்ளே பேசுவதெல்லாம் அமலிக்கு ஒலிபெருக்கியில் கேட்கும், அவள் பேசுவது உள்ளே கேட்கும்.

"காலைலயே வந்திருந்தா நடந்திருப்பானா, டீச்சர்?"

"சீக்கிரம் வந்தவங்க நிறையப் பேரு நடந்து போயிருக்காங்க."

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த நேரத்தில் கொஞ்சம் தெரிந்திருக்கலாம்.

"நாந்தான்," என்றான் இஞ்ஞாசி. "சம்மாட்டி ஒம்பது மணிக்கே எனக்குப் போன் போட்டாரு. காத்து பட்டிருக்குன்னாரு. நான் அந்தக் காத்துன்னு நெனச்சுட்டேன். மந்திரிக்கச் சொன்னது நாந்தான். வழியில ஒண்ணும் லேட்டாகல."

வியாகுலம் கண்ணைத் திறந்து அண்ணனையே பார்த்தான். கையைத் தூக்கி முகமூடியை இழுத்தான்.

"கழட்டாதீங்க தம்பி," என்றாள் அமலி. "இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு."

வியாகுலம் கையை இறக்கினான். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

பதினாலு நிமிஷம் அந்தப் பார்வைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது என்றால் சும்மாவா. இஞ்ஞாசி குனிந்து பார்த்தான், சுவரைப் பார்த்தான். அந்த இரும்புப் பீப்பாய்க்குள் ஒளிய ஏது இடம்? முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு இருந்தது. தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லித் தன் தம்பியின் காலை எடுத்துவிட்டோம் என்ற நினைப்பு அவனை விடவில்லை.

"டீச்சர், என்னைய வெளிய விடுங்க. வேற ஆள அனுப்புங்க. என்னால அவன் மொகத்தப் பாக்க முடியல."

"இப்பக் கதவு திறக்காது அண்ணாச்சி."

"கெஞ்சிக் கேக்கேன் டீச்சர்."

"நீங்களும் பத்துப் பாகத்துல இருக்கீங்க. அவரோடதான் ஏறணும்."

அவன் ஏழாயிரம் தடவை இறங்கி ஏறியவன். இப்படி ஓர் ஆழத்தில் மாட்டிக்கொண்டதில்லை.

பதினாலு நிமிஷமும் ஒரு வழியாகக் கழிந்தது. அமலி சொன்னதும் இஞ்ஞாசி முகமூடியைக் கழற்றினான். வியாகுலத்தின் கன்னத்தில் ரப்பர் அழுந்திய தடம் சிவந்திருந்தது. தண்ணீரைக் கொடுத்தான். வியாகுலம் மெதுவாகக் குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள இஞ்ஞாசி தயாராக இருந்தான். அடித்தால்கூட நல்லதுதான் என்று தோன்றியது.

"என்னைய வெச்சுக்கிட்டுத்தான் சம்மாட்டி போன் போட்டாரு," என்றான் வியாகுலம். குரல் மெலிந்து வந்தது. "ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நீ சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன்."

இஞ்ஞாசி டம்ளரைக் கீழே வைத்தான்.

"சம்மாட்டி ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்னுதான் சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். எங்கண்ணன் அங்கயே வேல பாக்கான், அவனுக்குத் தெரியாதா, அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னேன்."

அவ்வளவுதான் சொன்னான். அதில் கோபம் இருந்ததா என்று இஞ்ஞாசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்து நிமிஷம் முடிய இன்னும் ஒரு நிமிஷம் இருக்கும்போதே வியாகுலம் தானாக முகமூடியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

வெளியே அமலி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஆரம்பித்தாள். உள்ளே குளிர்ந்தது, கண்ணாடியில் பனிபடர்ந்தது. இடது காலை இஞ்ஞாசி ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். அது யாருடைய காலோ மாதிரிக் கிடந்தது. மூடிய கண்களிலிருந்து வியாகுலத்துக்கு நீர் வழிந்து, முகமூடியின் ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"நாங்க வெளிய வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டரை மணி நேரம்."

"அது வரைக்கும் இவங்கிட்ட நான் என்ன சொல்லுவேன்? நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. மன்னிச்சிருன்னு கேக்கவும் வாய் வரல. கால்ல விழலாம்னா, அவனுக்குக் கால்ல விழுந்தா தெரியாது டீச்சர்."

அமலிக்கு முன்னால் ஓர் அளவுமானியில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியில் சொன்னாள்.

"அறைக்குள்ள ஆக்சிஜன் கூடுது. முகமூடி எங்கயோ கசியுது. கன்னத்து ஓரமாப் பாருங்க."

இஞ்ஞாசி குனிந்து பார்த்தான். ரப்பர் ஈரத்தில் வழுக்கி, கன்னத்தைவிட்டு நகர்ந்திருந்தது. அந்த இடைவெளியில் காற்று சீறிக்கொண்டிருந்தது.

"வாரை இறுக்கட்டா?"

"ஏற்கெனவே கன்னம் கன்றியிருக்கு. கையால அழுத்திப் பிடிங்க."

அன்றைக்கு முன்னால் தம்பியின் முகத்தை அவன் கடைசியாக எப்போது தொட்டான் என்று அவனுக்கு ஞாபகமில்லை. உள்ளங்கையை முகமூடியின் ஓரத்தில் வைத்து அழுத்தினான். சீறல் நின்றது. விரல்களின்மேல் வெதுவெதுப்பாக நீர் வழிந்தது. வியாகுலம் கண்ணைத் திறக்கவில்லை.

"எதுவரைக்கும் பிடிக்கணும் டீச்சர்?"

"அவரு உங்க கையைத் தட்டிவிடுற வரைக்கும்."